உத்திரமேரூர்க் குடமும் மின்னணு இயந்திரமும்: நம் வாக்கு யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரிவதில்லை?

உத்திரமேரூர் வட்டத்துச் சேரி ஒன்றில் வாக்குச்சாவடி முகவர்களுக்காக மாலை நேரப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்திக் கொண்டிருந்தோம். கல்லூரி மாணவர்கள் சிலரும் நூறு நாள் வேலைக்குச் சென்று திரும்பிய பெண்கள் சிலரும் வந்திருந்தனர். மாணவர் ஒருவர் எழுந்து, “தோழர், இந்த மெஷினை நம்பலாமா, கூடாதா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார். “மெஷின் கெடக்கட்டும் வக்கீலம்மா. நாங்க உள்ள போய் யாருக்கும் காட்டாமத்தான் அமுத்துறோம். ஆனா எண்ணி முடிச்ச மறுநாளே, ‘உங்க தெருக்காரங்க எங்களுக்குப் போடலையாமே’ன்னு ஊர்க்காரங்க கேக்குறாங்க. அது எப்படிம்மா அவங்களுக்குத் தெரியுது?”

மாணவரின் கேள்வி நாடு முழுவதும் கேட்கப்படுவது. தொலைக்காட்சி விவாதங்களில் அதற்கு இடமுண்டு. மூதாட்டியின் கேள்வியை அங்கு யாரும் கேட்பதில்லை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பாதுகாப்பைத் தலித் மக்களின் இடத்தில் நின்று ஆராய வேண்டுமெனில் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் அளித்த வாக்கு நாம் அளித்தபடியே எண்ணப்பட்டதா என்பதை நம்மால் அறிய முடிவதில்லை. ஆனால் நம் தெரு எப்படி வாக்களித்தது என்பதை ஆதிக்கச் சாதியினர் அறிந்துகொள்கிறார்கள். அறிய வேண்டியவருக்கு மறைத்து, அறியக் கூடாதவருக்குக் காட்டும் இந்தத் தலைகீழ் நிலைதான் நம்மைப் பொறுத்தவரை முதன்மையான பாதுகாப்புச் சிக்கல்.

குடவோலை சொல்வதும் மறைப்பதும்

உத்திரமேரூரைப் பற்றிப் பேசும்போது குடவோலையைத் தவிர்க்க முடியாது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், இந்திய மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக இவ்வூர்க் கல்வெட்டுகளைக் குறிப்பிட்டார். முதலாம் பராந்தக சோழனின் 12 மற்றும் 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொது ஆண்டு 919, 921 காலத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இன்றும் இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான்.

அந்தத் தகுதி என்ன? வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் சொந்த வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி. அன்றைய உத்திரமேரூர் ஒரு சதுர்வேதி மங்கலம். நான்கு வேதம் கற்ற பார்ப்பனர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி உழைத்தவர்களின் பெயர் எந்தக் காலத்திலும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க முடியாது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையாகவும் அது இருக்கவில்லை. நிலமும் வேதமும் உடையோர் தமக்குள் நடத்திக்கொண்ட குலுக்கல் அது.

எனினும், கல்வெட்டு நமக்குக் கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. ஓலையெடுப்பு மூடிய அறையில் நடைபெறவில்லை. சபை முழுவதும் கூடியிருக்க, எல்லோரும் காணும்படி குடம் தூக்கிக் காட்டப்பட்டது. எடுத்த ஓலையை நடுநிலையாளர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரல்களை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாம் அல்லவா? அவர் படித்தபின் அங்கிருந்த மற்றவர்களும் அதே ஓலையை வாங்கிப் படித்தார்கள். தங்களுக்குள் நடந்த தேர்வில்கூட அவர்கள் யாரையும் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு படியையும் கண்ணால் சரிபார்த்தனர். உரிமை உடையவர்கள் சரிபார்க்கும் அதிகாரத்தையும் தம் கையிலேயே வைத்திருந்தார்கள் என்பதே அந்தக் கல்வெட்டின் செய்தி. உரிமையற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த நாம் இன்று வாக்குரிமையைப் பெற்றுவிட்டோம். சரிபார்க்கும் அதிகாரத்தைப் பெற்றிருக்கிறோமா?

இந்த வாக்குரிமை எளிதில் வந்ததன்று. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த தாத்தா ரெட்டமலை சீனிவாசனும் அண்ணல் அம்பேத்கரும் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்று, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என வாதிட்டனர். நிலமும் வரியும் கல்வியும் வாக்குக்கான தகுதியாக நீடித்தால் தீண்டப்படாத மக்கள் என்றென்றும் குடத்துக்கு வெளியே நிறுத்தப்படுவார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு அந்தப் போராட்டத்தின் விளைச்சல். எனவே வாக்கின் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி எழுப்ப நம்மைவிட உரிமையுடையோர் வேறு எவருமிலர்.

இயந்திரம் வந்த வழி

மின்னணு இயந்திரம் முதன்முதலில் 1982 மே மாதத்தில் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 50 சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது செல்லாது என 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. அதன்பின் 1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்ற அ.தி.மு.க.வின் வழக்கு தள்ளுபடியானது. அதே தேர்தலில் அக்கட்சி வென்று ஆட்சியமைத்தது. 2009 தோல்விக்குப் பிறகு பா.ஜ.க. தலைவர்கள் இயந்திரத்தை ஐயுற்றனர். இன்று காங்கிரசும் பிற எதிர்க்கட்சிகளும் ஐயுறுகின்றன. தோற்றவர் கேட்பதும் வென்றவர் மௌனம் காப்பதும் வழக்கமாகிவிட்டதால், கேள்வியின் நியாயமே கேலிக்குரியதாகிவிட்டது.

வாக்குச்சீட்டுக் காலம் நமக்குப் பொற்காலமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1996 இறுதியில் மதுரை மாவட்டம் மேலவளவில், தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராகிவிடக் கூடாது என்பதற்காக வாக்குப்பெட்டிகளே பறிக்கப்பட்டன. மறுபடியும் நடந்த தேர்தலில் வென்ற முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போன்ற தனி ஊராட்சிகளில் 2006 வரை தேர்தலை நடத்தவே முடியவில்லை. சாவடியைக் கைப்பற்றி, கட்டுக் கட்டாகச் சீட்டில் முத்திரை குத்தியவர்கள் நம் மக்கள் அல்லர். இயந்திரம் நிமிடத்துக்கு நான்கு வாக்குகளுக்கு மேல் ஏற்காது. தலைமை அலுவலர் முடிவுப் பொத்தானை அழுத்திவிட்டால் ஒரு வாக்கும் ஏறாது. தேர்தல் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று, இயந்திரம் வந்தபின் தேர்தல் முறைகேடுகள் குறைந்ததாகவும் நலிந்த பிரிவினர் வாக்களிக்கும் வாய்ப்பு கூடியதாகவும் கூறியது. ஆகவே, ‘பழைய பெட்டிக்கே திரும்புவோம்’ என்ற முழக்கத்தை ஆராயாமல் ஏற்றுக்கொள்ள நம்மால் இயலாது. முரட்டுத்தனமான மோசடியை இயந்திரம் கடினமாக்கியது உண்மை. கண்ணுக்குத் தெரியாத பிழையையும் மோசடியையும் கண்டுபிடிக்கும் வழியை அது நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்மை.

ஐயம் எங்கே இருக்கிறது?

தேர்தல் ஆணையத்தின் வழக்கமான பதில், இயந்திரம் இணையத்துடன் இணைக்கப்படவில்லை, எனவே ஊடுருவ முடியாது என்பது. தொலைவிலிருந்து ஊடுருவுவது ஒன்று. கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து மாற்றுவது வேறொன்று. 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோன்கிரீப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்திய இயந்திரம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து, இரண்டு வகைத் தாக்குதலைச் செய்து காட்டினர். எண்ணிக்கையைக் காட்டும் பலகையையே மாற்றி வைத்துப் பொய்யான எண்ணைக் காட்டச் செய்வது ஒன்று. நினைவகத்தின் மீது சிறு கருவியைப் பொருத்தி வாக்குகளை மாற்றுவது மற்றொன்று. இரண்டுக்கும் இயந்திரத்தைக் கையில் எடுக்க வேண்டும். ஆய்வுக்குரிய இயந்திரத்தை எப்படிப் பெற்றார் என்று கேட்டு ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். இன்றைய எம்-3 வகை அதற்குப் பிந்தையது. சட்டவிரோதமாகத் திறந்தால் செயலிழந்துவிடும் என்கிறது ஆணையம். ஆனால் ஆணையத்தைச் சாராத வல்லுநர்கள் கட்டுப்பாடின்றி ஆராய அது திறந்துவிடப்படவில்லை.

எனவே முதல் கேள்வி காவல் பற்றியது. இங்கு தமிழ்நாட்டின் அனுபவம் ஆறுதலளிப்பதாக இல்லை. 2019 ஏப்ரலில் மதுரையில் வாக்குப்பதிவு முடிந்தபின், இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்த மருத்துவக் கல்லூரி வளாகத்தின் ஆவண அறைக்குள் அதிகாரி ஒருவர் உரிய அனுமதியின்றி நுழைந்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். மாவட்டத் தேர்தல் அதிகாரியை மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 ஏப்ரல் 6 அன்று சென்னை வேளச்சேரியில் மாநகராட்சி ஊழியர்கள் இருசக்கர வாகனத்தில் வாக்குப்பதிவுக் கருவிகளை எடுத்துச் சென்றதைப் பொதுமக்களே மடக்கிப் பிடித்தனர். அதில் இருந்த ஒப்புகைச் சீட்டுக் கருவி அன்று சாவடியில் பயன்படுத்தப்பட்டது எனத் தெரிந்ததால், 92ஆம் எண் சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. 2024 ஏப்ரலில் நீலகிரி தனித்தொகுதியின் பாதுகாப்பு அறைக் கண்காணிப்புக் கேமராக்களின் காட்சி சுமார் 20 நிமிடம் நின்றுபோனது. இவற்றில் எதிலும் வாக்கு மாற்றப்பட்டதாக நிறுவப்படவில்லை. காவல் என்பது விதிப்புத்தகத்தில் இருப்பதைப் போல நடப்பில் இல்லை என்பதை மட்டும் இவை நிறுவுகின்றன.

இரண்டாவது கேள்வி, ஒப்புகைச் சீட்டு பற்றியது. தேர்தலில் நம்பிக்கை ஏற்படக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்று நாம் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடிகள் சீட்டு தெரிகிறது. பின்னர் பெட்டிக்குள் விழுகிறது. ஆனால் எண்ணப்படுவது அந்தச் சீட்டன்று. கட்டுப்பாட்டுக் கருவியில் பதிந்த எண். 2019 ஏப்ரல் உத்தரவின்படி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளின் சீட்டுகள் மட்டுமே எண்ணப்படுகின்றன.

ஐந்து போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தொகுதியில் 300 சாவடிகள் என்று கொள்வோம். அவற்றில் மூன்றில் மட்டும் எண்ணிக்கை தவறாக இருந்தால், குலுக்கி எடுக்கும் ஐந்தில் அவற்றுள் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. முப்பது சாவடிகளில் தவறு இருந்தால் நூற்றுக்கு நாற்பது. மாநிலம் முழுவதும் பரவலாக மோசடி நடந்தால் 234 தொகுதிகளிலும் எடுக்கப்படும் 1,170 கருவிகளில் அது நிச்சயம் அகப்பட்டுவிடும். 2019 மக்களவைத் தேர்தலில் 20,687 கருவிகளின் சீட்டுகள் எண்ணப்பட்டு, ஒன்றைத் தவிர எதிலும் வேறுபாடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. நாடு தழுவிய பெருமோசடி நடந்துவிட்டது என்று சான்றின்றிச் சொல்வது வழக்கறிஞருக்கும் அழகன்று, இயக்கத்துக்கும் நல்லதன்று.

ஆனால் நம் அரசியல் பெரும்பாலும் சிறு வித்தியாசங்களின் அரசியல். 2019இல் சிதம்பரம் தனித்தொகுதியில் தொல். திருமாவளவன் வென்றது 3,219 வாக்குகளில். 2016இல் காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதியில் அவர் தோற்றது வெறும் 87 வாக்குகளில். அந்த முடிவுகளில் பிழை இருந்தது என்பது என் வாதமன்று. 87 வாக்கு என்பது ஒரு சாவடியின் ஒரு தெரு. அத்தகைய இடத்தில் சாவடி ஒன்றில் நேரும் பிழையைக்கூட இன்றைய ஐந்து சாவடி முறை பெரும்பாலும் கண்டுபிடிக்காது என்பதே வாதம்.

பிழை நேராது என்று எவரும் சொல்ல முடியாது. அரியானா மாநிலம் பானிப்பத் மாவட்டத்தின் புவானா லாக்கு ஊராட்சித் தலைவர் தேர்தல் 2022 நவம்பரில் நடந்தது. ஒரு சாவடியின் எண்ணிக்கையைப் பதிவு செய்வதில் அலுவலர் தவறு செய்ததாக வழக்கு. இறுதியில் உச்ச நீதிமன்றம் இயந்திரங்களைத் தன்னிடமே வரவழைத்து 2025 ஆகஸ்டில் மீண்டும் எண்ணச் செய்தது. தோற்றவராக அறிவிக்கப்பட்டவர் 51 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் தவறான ஒருவர் தலைவர் நாற்காலியில் இருந்திருக்கிறார். அங்கே இயந்திரம் பொய் சொல்லவில்லை, மனிதர் தவறினார். மறுபடி எண்ண வழியிருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

சரிபார்க்க விலை

2024 ஏப்ரல் 26 அன்று, ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஒப்புகைச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்தது. வேறொரு வழியைத் திறந்தது: முடிவு வந்த ஏழு நாட்களுக்குள், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து வழியாகக் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதியின் இயந்திரங்களில் 5 விழுக்காட்டின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சரிபார்ப்பார்கள். செலவு வேட்பாளருடையது, மோசடி உறுதியானால் பணம் திருப்பித் தரப்படும்.

செலவு எவ்வளவு? 2024இல் ஒரு தொகுப்புக்கு 40,000 ரூபாயும் 18 விழுக்காடு வரியும் சேர்த்து 47,200 ரூபாய். பட்டியல் சாதி வேட்பாளர் மக்களவைக்குக் கட்ட வேண்டிய வைப்புத்தொகை 12,500 ரூபாய். சட்டமன்றத்துக்கு 5,000 ரூபாய். பொதுப்பிரிவினருக்கான தொகையில் இது பாதி. வறுமை நம்மைப் போட்டியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று சட்டமே கருதிச் செய்த சலுகை அது. அதே சட்ட அமைப்பு, போட்டியிட்ட தேர்தலின் ஒரே ஓர் இயந்திரத்தைச் சரிபார்க்க மக்களவை வைப்புத்தொகையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கும் சட்டமன்ற வைப்புத்தொகையைப் போல ஒன்பது மடங்குக்கு மேலும் கேட்டது. 300 சாவடித் தொகுதியில் 5 விழுக்காடு என்றால் 15 தொகுப்புகள், 7,08,000 ரூபாய். நான்காம் இடம் பெற்ற சுயேச்சை தலித் வேட்பாளருக்கு அந்த வழியே இல்லை. வாக்காளருக்கு எந்த வழியும் இல்லை. கால்வேலி நிலம் இருந்தால்தான் ஓலை குடத்தில் விழும் என்ற விதிக்கும் இதற்கும் உள்ள உறவை உத்திரமேரூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

வாக்காளர் கேட்கவே முடியாதா? தேர்தல் நடத்தை விதி 49எம்ஏ ஒன்று இருக்கிறது. நான் அழுத்திய சின்னம் வேறு, சீட்டில் தெரிந்த சின்னம் வேறு என்று வாக்காளர் புகார் செய்யலாம். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று எச்சரித்து, எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, எல்லா முகவர்கள் முன்னிலையிலும் சோதனை வாக்கு ஒன்றைப் போடச் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கில் கருவி சரியாக அச்சிட்டுவிட்டால் புகார் செய்தவர் குற்றவாளி ஆகலாம். இவ்விதியின்கீழ் நாடு முழுவதும் 26 புகார்களே வந்தன, அவையும் தவறு எனத் தெரிந்தது என்பதை நீதிமன்றம் இயந்திரத்தின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகக் கொண்டது. வன்கொடுமை வழக்குகளை நடத்துபவர்களுக்கு இந்தத் தர்க்கம் பழக்கமானது. புகார் இல்லை, எனவே கொடுமை இல்லை என்று காவல் நிலையங்களில் நாம் அன்றாடம் கேட்பதுதானே இது? ஆதிக்கச் சாதி முகவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் அறையில் கூலித் தொழிலாளி ஒருவர் எழுந்து நின்று, சிறைக்குப் போகும் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு புகார் எழுதுவார் என்று எதிர்பார்க்கும் விதி, யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது?

செருமானிய அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் நினைவுகூரத்தக்கது. தொழில்நுட்பச் சிறப்பறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளையும் முடிவையும் நம்பகமாகச் சரிபார்க்க இயல வேண்டும் என்று கூறி, அங்கு பயன்பட்ட இயந்திரங்களை அது அரசமைப்புக்கு முரணானவை என்றது. இயந்திரத்தில் மோசடி நடந்ததா என்று அந்த நீதிமன்றம் கேட்கவில்லை. குடிமகனால் அறிய முடிகிறதா என்றே கேட்டது. நம் நீதிமன்றம் கேட்க மறுத்த கேள்வி அது.

தெரு தெரிந்துவிடுகிறது

இப்போது மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். அவருடைய வாக்கு எப்படித் தெரிகிறது? இயந்திரத்தைச் சாவடி வாரியாகவே எண்ணுகிறார்கள். சாவடி வாரியான முடிவு படிவம் 20இல் வெளியிடப்படுகிறது. ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர் அளவில்தான் வாக்காளர்கள். பட்டியலின் பாகங்களோ தெரு வாரியாக அமைகின்றன. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் எனப் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில், சாவடியின் முடிவு என்பதே பல இடங்களில் சேரியின் முடிவு. தனியொருவரின் வாக்கு மறைவாக இருக்கிறது. சாதியின் வாக்கு அம்பலமாகிறது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்குத் தீர்வு ஒன்று இருந்தது. மிரட்டலும் பழிவாங்கலும் நேரும் என அஞ்சும் தொகுதிகளில் எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளையும் எண்ணுவதற்கு முன் கலந்துவிடுமாறு ஆணையிட விதி 59ஏ இடமளித்தது. இயந்திரத்தில் கலப்பதற்குச் சீட்டு இல்லை. பல கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ என்ற கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

ஏன் ஏற்கவில்லை என்பது அரசியலை அறிந்தவர்களுக்குப் புரியும். 2019 பரப்புரையில் உத்தரப் பிரதேசத்தில் ஒன்றிய அமைச்சர் மேனகா காந்தி, தம் கட்சிக்குக் கிடைத்த வாக்கு விழுக்காட்டின்படி கிராமங்களை ஏ, பி, சி, டி எனத் தரம் பிரித்து, அந்த வரிசையில் பணிகள் நடைபெறும் என்று மேடையிலேயே பேசினார். அவர் வெளிப்படையாகச் சொன்னதை மற்றவர்கள் சொல்லாமல் செய்கிறார்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, தொகுப்பு வீடு என நம் மக்களின் ஒவ்வொரு நாளும் உள்ளூர் அதிகாரத்தைச் சார்ந்தே இருக்கிறது. வன்முறை ஏவப்படும் இடங்களும் உண்டு. 2019 ஏப்ரல் 18 அன்று, சிதம்பரம் தொகுதிக்கு உட்பட்ட அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில், தேர்தல் சின்னமான பானையைத் தெருவில் போட்டு உடைத்ததில் தொடங்கிய மோதலில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. யாருக்கு வாக்களிப்பார்கள் என்று தெரிந்தாலே வீடு உடைபடும் நாட்டில், யாருக்கு வாக்களித்தார்கள் என்ற கணக்கை அரசே சாவடி வாரியாக அச்சிட்டுத் தருவது என்ன நியாயம்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதை அறியாததன்று. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை வாக்களிக்கவிடாமல் தடுப்பதையும் குறிப்பிட்டவருக்கு வாக்களிக்குமாறு கட்டாயப்படுத்துவதையும் பிரிவு 3(1)(எல்) குற்றமாக்குகிறது. வாக்களித்ததற்காகத் தாக்குவதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் அடுத்து வரும் உட்பிரிவுகளின்கீழ் குற்றம். ஆனால் பழிவாங்கியபின் வழக்குத் தொடுப்பது ஒரு வழி; பழிவாங்குவதற்கான தகவலையே தராமல் இருப்பது அதைவிட நல்ல வழி. வாக்கின் இரகசியம் நியாயமான தேர்தலின் அடிப்படை என்று 2013இல் ‘நோட்டா’ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது தனிமனிதருக்கு மட்டும் பொருந்துவது என்று சுருக்கக் கூடாது. சாதிச் சமூகத்தில் தெருவுக்கும் இரகசியம் தேவை.

இங்கு ஒரு முரண் தோன்றலாம். சாவடி வாரி எண்ணிக்கை இல்லாவிட்டால் படிவம் 17சியோடு ஒப்பிடுவது எப்படி? படிவம் 17சி ஒரு சாவடியில் பதிவான மொத்த வாக்குகளைத் தருகிறது. அந்த மொத்தத்தைச் சாவடி வாரியாக ஒப்பிடலாம். வேட்பாளர் வாரியான பிரிவை மட்டும் பதினான்கு பதினைந்து சாவடிகளுக்குச் சேர்த்து வெளியிடலாம். ஒப்புகைச் சீட்டுகளையும் அதே தொகுப்பாகக் கலந்து எண்ணலாம். சரிபார்ப்பும் இரகசியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒருங்கே செய்ய மனமில்லை என்பதே சிக்கல்.

நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

முதலாவதாக, வெற்றி வித்தியாசம் குறையக் குறைய எண்ணப்படும் சீட்டுகளின் எண்ணிக்கை கூட வேண்டும். மிகக் குறைந்த வித்தியாசம் உள்ள தொகுதிகளில் எல்லாச் சீட்டுகளும் எண்ணப்பட வேண்டும்.

இரண்டாவதாக, டோட்டலைசர் முறை நடைமுறைக்கு வர வேண்டும். வன்கொடுமைகள் நிகழும் பகுதிகள் எனக் கண்டறியப்பட்ட இடங்களிலாவது இது உடனே தொடங்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, சரிபார்ப்புக் கட்டணத்திலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு விலக்கு வேண்டும்.

நான்காவதாக, 2024 டிசம்பரில் விதி 93 திருத்தப்பட்டு மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிடுவது தடுக்கப்பட்டது. தேர்தல் வழக்கு இல்லையெனில் 45 நாட்களுக்குப் பின் காணொளிகளை அழித்துவிடலாம் என 2025இல் ஆணையம் அறிவுறுத்தியது. சாவடியில் நம் மக்கள் விரட்டப்பட்டதற்கு இருக்கும் ஒரே சாட்சி பல நேரங்களில் அந்தக் காணொளிதான். இந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியவை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சேரிச் சாவடியிலும் பயிற்சி பெற்ற தலித் முகவர் அமர வேண்டும். வாக்குப்பதிவுக்கு 90 நிமிடங்களுக்கு முன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்குகள் போடப்படுகின்றனவா, அவை முழுமையாக அழிக்கப்பட்டனவா, ஒப்புகைச் சீட்டுப் பெட்டி காலியாகக் காட்டப்பட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கருவி எண்ணையும் முத்திரை எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் படிவம் 17சியின் நகலைப் பெறாமல் சாவடியை விட்டு எழக் கூடாது. அது விதி தரும் உரிமை. எண்ணிக்கை நாளில் அந்த நகலே நம் கையிலுள்ள ஆயுதம். தேர்தல் வழக்குக்குக் காலக்கெடு 45 நாள் என்பதையும் மறக்கக் கூடாது.

அன்று மாலை அந்த மூதாட்டிக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்: “உங்க ஓட்டு யாருக்கும் தெரியாது பாட்டி. உங்க தெரு ஓட்டுதான் தெரியுது. அதையும் மறைக்க வழி இருக்கு, செய்ய மாட்டேங்கறாங்க.” அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு தன் பேத்தியைக் காட்டி, “அப்போ இவளை ஏஜெண்டா உக்கார வைங்க. எழுதப் படிக்கத் தெரியும்” என்றார். பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அந்தத் தெருவிலிருந்து இதுவரை ஒருவரும் முகவராக அமர்ந்ததில்லை. அவர் பெயரை எழுதிக்கொண்டோம்.